நொட்டாங்கை ஃபிட்டர்

பிராகோவுக்கு எஞ்சினுக்குள்ளே ஒரு ஊர் இருந்தது. சிரிக்காதீர்கள், அவளுக்குப் பைத்தியமெல்லாம் இல்லை. குமாசியில் எங்கள் சுவாமே வட்டாரத்தில் இத்தனை ஆயிரம் ஃபிட்டர்கள் இருக்கிறோமே, வண்டிக்குப் பெல்ட் மாற்ற வேண்டுமென்றால் எல்லாரும் ஒரு துண்டு அட்டையில் அது போகிற வழியைக் கிறுக்கி வைத்துக்கொண்டுதான் பழசைக் கழற்றுவோம். ஒரே பெல்ட், ஏழு புல்லி. எதைச் சுற்றி மேலே ஏறுகிறது, எதை முதுகால் உரசிக்கொண்டு இறங்குகிறது என்று மறந்துபோனால் அன்றைய பொழுது போச்சு. பிராகோ மட்டும் கிறுக்கமாட்டாள். பழைய பெல்ட்டை ஒரு தரம் பார்ப்பாள், கண்ணை மூடுவாள், அந்த ஊருக்குள் ஒரு நடை போய்விட்டு வருவாள்.

கீழே இருக்கிற பெரிய புல்லி அவள் வீடு. அங்கிருந்து மேலே ஏறினால் முச்சந்தியில் போலீஸ்காரன், அதாவது ஸ்டீயரிங் பம்பு. அவனைச் சுற்றிக்கொண்டு இறங்கினால் தண்ணீர் பம்பு, அது ஓடை. ஏசி கம்ப்ரஸர், ஐஸ் மீன் விற்கிற கோல்டு ஸ்டோர். உச்சியில் ஆல்டர்னேட்டர், அது தெருவிளக்கு. எந்த வேலையும் செய்யாமல் நடுவில் சும்மா சுற்றுகிற புல்லி ஒன்று உண்டு. அது ஊர்ச் சண்டைக்கெல்லாம் காது கொடுத்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளை. கடைசியாக டென்ஷனர். அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். எல்லாரையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பவள் அவள்தான், நெம்புகம்பி போட்டு அவளைக் கொஞ்சம் தள்ளினால்தான் புது பெல்ட் உள்ளே வரும்.

அந்த ஊரில் எப்போதும் விடியற்காலை மாதிரி ஒரு வெளிச்சம் இருக்குமாம். நடக்க நடக்கக் காலுக்கடியில் தெரு மெதுவாக நகர்ந்து கொடுக்குமாம். எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்வார்கள், யாரும் எந்தக் கை என்று கேட்கமாட்டார்கள். இதை அவளே ஒருநாள் எங்களிடம் சொன்னாள், பாதி சொல்லிவிட்டு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள்.

கைதான் அவள் கதை. எங்கள் ஜனத்துக்கு இடக்கை ஆகவே ஆகாது. கொடுப்பது, வாங்குவது, தின்பது, வழி காட்டுவது எல்லாம் சோத்தாங்கை. வேறு வழியே இல்லாமல் மற்றதை நீட்ட வேண்டி வந்தால், மன்னிச்சுக்கோங்க என்று அர்த்தப்படுகிற மாதிரி முதலில் 'செபே' என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிராகோ பிறந்ததே நொட்டாங்கையாக. அம்மா மிளகாய் அரைத்துத் தடவிப் பார்த்தாள். துணியைச் சுற்றி முதுகோடு கட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ரூலரை உடைத்ததுதான் மிச்சம். பிள்ளை வலக்கையால் எழுதப் பழகியது, சாப்பிடப் பழகியது, கும்பிடு போடப் பழகியது. ஆனால் கவனம் கொஞ்சம் தப்பினால் போதும், இடக்கை தானாக முன்னால் வந்து நிற்கும்.

அப்படி ஒருநாள் கவனம் தப்பியதில்தான் அவள் கல்யாணம் போனது. தாஃபோவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் உலக்கை போட, இவள் உரலுக்குப் பக்கத்தில் குந்தி, கிழங்கு இடித்துச் செய்கிற ஃபுஃபுவைப் புரட்டிப் புரட்டி விடுகிறாள். ஏதோ நினைப்பு. எந்தக் கையால் புரட்டுகிறோம் என்றே தெரியவில்லை. மாமியார் வந்து பார்த்தாள்.

"இந்தக் கை பட்டத நான் திங்கணுமா? தூக்கி நாய்க்குப் போடு!"

நாய்கூட இரண்டு தரம் யோசித்துத்தான் தின்றதாம், பிராகோ சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கிற விஷயமா அது? அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இரண்டு வருஷம் ஓயவில்லை. கடைசியில் ஒரு பெட்டியோடு கிளம்பி வந்துவிட்டாள். அந்தப் புருஷன்காரன் வாசல்வரைகூட வரவில்லை. நாசமாய்ப் போகிறவன், அவனைப் பற்றி எனக்குப் பேசவே பிடிக்கவில்லை.

அப்புறம் சுவாமேயில் ஆரஞ்சு சீவி விற்றாள். ஒரு மத்தியானம் ஒரு ஃபிட்டர் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த மாதிரி எஞ்சினில் பெல்ட் இருக்கிற பக்கம் வண்டிச் சட்டத்தின் சுவரை ஒட்டி இருக்கும், வலக்கையை விட்டால் மணிக்கட்டு மடங்காது. மனுஷன் விரலெல்லாம் ரத்தம். பிராகோ கூடையை இறக்கி வைத்தாள்.

"நான் கை விட்டுப் பாக்கவா?"

"ஏம்மா, இதென்ன ஆரஞ்சா?"

இடக்கை உள்ளே போனது. பாம்பு பொந்துக்குள் போகிற மாதிரி சத்தமில்லாமல் போய், பெல்ட்டின் வரிகளை ஒவ்வொரு புல்லியின் பள்ளத்திலும் தடவித் தடவி உட்கார வைத்துவிட்டு வந்தது. எஞ்சினுக்குச் சோத்தாங்கை எது, பீச்சாங்கை எது என்று தெரியவா போகிறது? பதினாறு வருஷம் ஆகிவிட்டது அந்த மத்தியானம் நடந்து. இப்போது எங்கள் வரிசையில் பெல்ட் என்றால் பிராகோதான்.

இனி பெடியாக்கோ. மாம்பொங் தடத்தில் ஏழு பேர் உட்காரும் வண்டி ஓட்டுகிறவர், பெண்டாட்டி செத்து ஐந்து வருஷம். மூன்று வருஷமாக வாரம் தவறாமல் பிராகோவின் தகரக் கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்திவிடுவார்.

"வண்டியில ஒரு சத்தம் வருது, பிராகோ."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"நல்லாக் கேளு. கொஞ்ச நேரம் ஆகும்."

அவள் நெம்புகம்பியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பாள். அவர் பக்கத்தில் நின்று அவள் கேட்பதைப் பார்ப்பார். இப்படியே அரை மணி போகும். எதிர்க் கடையில் வண்டிச் சாமான் விற்கும் மனு இருக்கிறானே, அவன் வாய் சும்மா இருக்குமா? "அக்கா, சத்தம் எஞ்சின்லயா, டிரைவர் நெஞ்சுலயா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான். பிராகோ கையில் அகப்பட்ட நட்டைத் தூக்கி எறிவாள். குறி தப்பாது, இடக்கை அல்லவா.

போன வாரம் பெடியாக்கோ வேறு சேதி சொன்னார்.

"வெள்ளிக்கிழம பெரியம்மா வர்றாங்க. எங்க குடும்பத்துல பெரிய பொம்பள அவங்கதான். உன்னப் பாக்கணுமாம். வந்து, நீ குடுக்கிற தண்ணியக் குடிச்சு, வந்த சேதியச் சொல்லிட்டா முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒருத்தனும் குறுக்கப் பேசமாட்டான்."

"என் கையப் பத்தித் தெரியுமா அவங்களுக்கு?"

"நான் உன்னப் பத்திப் பேசினேன். கையப் பத்தி ஏன் பேசணும்?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல."

எங்கள் வழக்கம் அது. வந்தவருக்கு முதலில் தண்ணீர். குடித்த பிறகுதான் "வந்த சேதி என்ன?" என்று கேட்கலாம், அவரும் வாயைத் திறக்கலாம். தண்ணீர் இறங்காமல் சேதி ஏறாது. குடிக்க மறுத்துவிட்டால் அதைவிடப் பெரிய பதில் வேறு தேவையில்லை. பிராகோ ஒரு வாரமும் அந்த ஒரு தம்ளரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தி நாலு வயசில் இன்னொரு தரம் ஆசைப்படப் பயமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆசைப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பாலைவனத் தூசியைச் சுமந்து வருகிற ஹர்மட்டான் காற்று இறங்கியிருந்தது. தூசி மூடி, பத்து மணி வெயில் நிலா வெளிச்சம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. கொட்டகைகள், லாரிகள், ஆட்கள் எல்லாம் பாதி கரைந்துபோய் நின்றன. சுத்தியல் சத்தம்கூட எங்கேயோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது. அந்த வெளுப்புக்குள்ளிருந்து பெடியாக்கோவின் வண்டி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. இந்தத் தடவை சத்தம் நிஜம். பெல்ட்டின் வரியெல்லாம் வெடித்து, ஓரம் நார் நாராகத் தொங்கியது.

வண்டியிலிருந்து இறங்கின பெரியம்மாவின் பெயர் அச்சியா. நெட்டை உருவம், நீலத் துணியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள், குளிர்காற்றுக்கு எல்லாரும் அப்படித்தான். பெஞ்சில் உட்கார்ந்தாள். பெடியாக்கோ புது பெல்ட் பார்க்க மனு கடைக்குப் போனார்.

பிராகோ கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, தட்டில் வைத்து, வலக்கையால் நீட்டினாள்.

"பெரியம்மா, தண்ணி."

அந்த அம்மாள் தம்ளரைப் பார்த்தாள். போர்வைக்குள் என்னவோ அசைந்தது, அப்புறம் அடங்கிவிட்டது.

"இருக்கட்டும்மா."

அவ்வளவுதான். பிராகோ தட்டை எடுத்துப்போய்க் கொட்டகைக்குள் அலமாரியில் வைத்தாள். கையைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள், வேறென்ன? தாஃபோவிலிருந்து மாம்பொங்குக்குப் பேச்சு நடந்துபோக எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் மனசு விடவில்லை. நானும் வலக்கையால் செய்வேன், பாருங்கள், உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்று ஒரு வீம்பு வந்தது.

அதனால்தான் அன்றைக்கு, பெடியாக்கோ புது பெல்ட்டோடு வந்ததும், மற்ற எல்லா ஃபிட்டர்களையும் போல, அவள் நெம்புகம்பியை இடக்கையில் கொடுத்துவிட்டு வலக்கையால் பெல்ட்டைச் செருகினாள். அச்சியா இமை கொட்டாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு, போலீஸ்காரன், ஓடை, கோல்டு ஸ்டோர். வலக்கை அந்த ஊருக்குப் புதுசு. எதிரே எதைத் தொடுகிறோம் என்று தெரியாமல் முட்டி மோதிக்கொண்டு போனது. மாமியார் ஒரு தரம் கம்பியை உதறினாள். வியர்வை கண்ணில் இறங்க, தெருவிளக்கின் மேல் பெல்ட்டை ஏற்றிவிட்டுக் கம்பியைத் தளர்த்தினாள். பக்கத்துக் கொட்டகையில் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்கள், ஓடியது. வழக்கமாகக் காதில் கம்பியை வைத்துக் கேட்பவள் அன்று கேட்கவில்லை. பானட்டை மூடிவிட்டாள்.

பெடியாக்கோ தம்ளர் எங்கே என்று கண்ணால் தேடினார். அலமாரியில் அது நிறைந்து நின்றது. அவர் முகம் தொங்கிவிட்டது. பெரியம்மா எழுந்து, "கிளம்பலாம்ப்பா" என்றாள். தண்ணீர் குடிக்காத வாயிலிருந்து சேதி எப்படி வரும்? வண்டி வெளுப்புக்குள் கரைந்து போனது.

"என்னக்கா, இன்னிக்குக் கை மாறிப்போச்சு?" என்றான் மனு. இந்தத் தடவை அவன் கத்தவில்லை.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த அம்மாளின் சூடு பலகையில் இன்னும் இருந்தது. அழுகை வரும் போலிருந்தது, வரவில்லை. கண்ணை மூடினாள். எஞ்சின் மூடின பிறகு ஒரு தரம் அந்த ஊரைச் சுற்றி வருவது அவள் பழக்கம், கால் தானாக நடந்தது. வீட்டைவிட்டு இறங்கினாள். தூசி, வெளிச்சம், தெரு நகர்ந்து கொடுத்தது. போலீஸ்காரன் தலையசைத்தான். ஓடைக்கு இறங்குகிற இடத்தில் கால் வழுக்கியது. மறுபடி வீட்டிலிருந்து வந்தாள். மறுபடி அதே இடத்தில் பாதிக் கால் படிக்கு வெளியே நின்றது.

கண்ணைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பம்பில் பெல்ட் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஓரத்து வரி பள்ளத்துக்கு வெளியே. வலது விரல் அங்கே எட்டவேயில்லை, எட்டினதாக அவள் நினைத்துக்கொண்டாள். ஐந்து மைல், பத்து மைல் ஓடும். அப்புறம் ஓரம் பிய்ந்து, மாம்பொங் மேட்டில் வளைந்து வளைந்து ஏறுகிற இடத்தில் அறுந்துபோகும். ஸ்டீயரிங் கல்லாய் இறுகிவிடும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

இன்னொன்றும் அவளுக்கு அப்போதே தெரிந்தது. ஓடிப்போய் நிறுத்தலாம். நிறுத்தினால் அதைச் சரிசெய்ய இடக்கைதான் உள்ளே போக வேண்டும், அந்த அம்மாள் கண் முன்னால். இதுவரை கேள்விப்பட்டதுதான், இனிமேல் பார்த்ததாக ஆகிவிடும். போனில் பெடியாக்கோவைக் கூப்பிட்டாள். ஓட்டும்போது எடுக்காத நல்ல டிரைவர், சனியன்.

கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். செருப்பு ஒன்று சாக்கடையில் போனது. எங்கள் சந்துகளில் மனுஷன் ஓடுவதற்கு வண்டி ஈடுகொடுக்காது, அது ஒரு புண்ணியம். மரம் ஏற்றின லாரி ஒன்று முனையில் குறுக்கே நின்று வழியை மறித்திருந்தது. பெடியாக்கோவின் வண்டி அதற்குப் பின்னால், நாலாவதாக.

"அணைங்க! எஞ்சினை அணைங்க!"

"என்னாச்சு பிராகோ?"

"நான் தப்பா மாட்டிட்டேன். பானட்டத் திறங்க."

பெடியாக்கோ இறங்கித் திறந்தார். பெரியம்மாவும் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்து நின்றாள். பிராகோ அவளை நேராகப் பார்த்தாள். மூச்சிரைத்தது.

"செபே, பெரியம்மா. என் வேலைக்கை இதுதான். அதை உங்ககிட்ட மறைக்கப்போய்த்தான் தப்பு வந்துச்சு."

சொல்லிவிட்டு வலக்கையில் கம்பியைப் போட்டு மாமியாரைத் தள்ளினாள், இடக்கையை உள்ளே விட்டாள். சூடான இரும்பு முட்டியைச் சுட்டது. கண்ணை மூடினாள். விரல் படியிறங்கி ஓடைக்குப் போனது, அங்கே ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்த பெல்ட்டைத் தூக்கிப் பள்ளத்தில் உட்கார வைத்தது. அப்படியே கோல்டு ஸ்டோர், தெருவிளக்கு, சும்மா உட்கார்ந்திருக்கிற பொம்பளை என்று எல்லாரையும் ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கிளப்பச் சொன்னாள், கம்பியைக் காதில் வைத்தாள். ஊர் முழுக்க ஒரே சீராக நடந்துகொண்டிருந்தது.

"இப்பச் சரி," என்றாள். "போய்ட்டு வாங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பின்னால் அச்சியாவின் குரல் கேட்டது.

"வண்டியத் திருப்புடா."

"பெரியம்மா?"

"திருப்புடான்னா. நான் இன்னும் தண்ணி குடிக்கல."

கொட்டகைக்குத் திரும்பி வந்தார்கள். அந்த அம்மாள் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். பிராகோ தம்ளரை அலமாரியிலிருந்து எடுத்தாள், மேலே தூசி படிந்திருந்தது, கொட்டிவிட்டுப் புதுசாக நிரப்பினாள். பழக்கதோஷம், வலக்கையால் நீட்டினாள்.

அச்சியா போர்வையைத் தோளிலிருந்து தள்ளினாள். அவள் வலக்கை மடியில் கிடந்தது. விரல்கள் சுருண்டு, மெலிந்து, அது வேறு யாருடையதோ என்கிற மாதிரி கிடந்தது.

"ரெண்டு வருஷமாச்சு. ஒரு நாள் காலைல எந்திரிச்சேன், இந்தப் பக்கம் எந்திரிக்கல. அன்னைலேர்ந்து வெளி ஆளு கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கல. எந்தக் கையால வாங்குவேன்? இவன் வாயத் திறந்தா நாக்க அறுத்துருவேன்னு சொல்லி வச்சிருந்தேன். உன்கிட்டயாவது வாங்கிடுவேன்னு நம்பித்தான் கூட்டிட்டு வந்தான்." பெடியாக்கோ தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "நீ எவ்வளவு ஆசையா நீட்டின. நான் பாட்டுக்குக் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். உன்ன வேண்டாம்னு சொல்றேன்னு நினைச்சிட்டியா?"

ஆமாம் என்று பிராகோ தலையாட்டினாள்.

"நினைக்கத்தான் செய்வ. செபே, மகளே." அந்த அம்மாள் இடக்கையை நீட்டினாள்.

பிராகோ தம்ளரைத் தன் இடக்கைக்கு மாற்றிக் கொடுத்தாள். அச்சியா அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். மனு கடை வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு பிராகோ மண்ணில் குந்தி உட்கார்ந்தாள். வழக்கப்படி கேட்டாள். "வந்த சேதி என்னங்க, பெரியம்மா?"

"என்னத்தச் சொல்ல? மூணு வருஷமா இவன் வண்டியில ஏதோ ஒரு சத்தம் வருதாம். வாராவாரம் சொல்றான். நானும் ஏறி உக்காந்து பாத்துட்டேன், எனக்கு ஒண்ணும் கேக்கல. உனக்குக் கேக்குதாம்மா?"

"கேக்குது, பெரியம்மா," என்றாள் பிராகோ.